வேண்டுங்கால் இணைதல்

கம்பி ஒன்று, கணினி பல. அவ்வொன்றைப் பலவும் முறையே பகிர்ந்துகொள்ளுமாறு எங்ஙனம் என்பதை யாம் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பெற்றது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாளில் ஆகும். அக்காலத்துக் கணினிகள் மோடம் என்னுங் கருவியால் தொலைபேசி எண்ணை அழைத்தே வழங்குநரை அடைந்தன. இணைந்திருக்குந்தோறும் கட்டணம் ஏறிற்று. அன்றியும், வீட்டிற்கு வரவேண்டிய அவசரச் செய்தியும் வர இயலாதாயிற்று. ஆதலின் வேண்டுங்கால் இணைதலும் வேண்டாக்கால் விலகலும் இன்றியமையாதனவாயின. பின்லாந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ், இவ்விரண்டிற்கும் உரிய கருவிகளை உடைத்து.

முதலாவது, பகிர்தல். மோடம் பூண்ட லினக்ஸ் கணினியை வாயிலாக்கி, அதற்கு 192.168.1.1 என்னும் முகவரியையும், ஏனையவற்றிற்கு அதனையடுத்த முகவரிகளையும் அளித்தல் வேண்டும். இவை வீட்டினுள் மட்டுமே செல்லுபடியாவன. ஆகவே வாயிற்கணினி, 2001-இல் வந்த 2.4 பதிப்பு முதல் உள்ள ஐபி டேபிள்ஸின் 'மாஸ்கரேட்' விதியால், பிற கணினிகள் விடுக்கும் பொதிகளின்மேல் தன் முகவரியைப் பொறித்து அனுப்பும். மறுமொழி வந்தவழி உரியதற்கே சேர்ப்பிக்கும். 'ஐபி ஃபார்வர்ட்' என்னும் அமைப்பில் 0 என்பதை 1 ஆக்குதலை மறத்தலாகாது. மறப்பின் ஒரு பொதியும் வாயில் கடவாது.

இரண்டாவது, அழைத்தல். பிபிபிடி என்னும் நிரலின் அமைப்புக் கோப்பில் 'டிமாண்ட்' என்னுஞ் சொல்லை இடின், அஃது இணைப்பு உளதுபோலக் காட்டி வாளா காத்திருக்கும். வெளிச்செல்லும் முதற்பொதி வந்தவுடன் அதனை நிறுத்திவைத்து, எண்ணை அழைத்து, இணைப்பு எய்தியபின் விடுக்கும். 'ஐடில் 300' எனக் குறிப்பின், 300 விநாடி போக்குவரவு இல்லாதவழிக் கம்பியைத் தானே விடுவிக்கும்.

இடர் தோன்றுவது இவ்விடத்தேதான். கணினிகள் எவரும் ஏவாதிருக்கவும் தாமே நேரங் கேட்கும்; பெயர்களின் முகவரியை வினவும். காவலிருக்கும் நிரலோ அவற்றையும் தேவையென்று கருதி நள்ளிரவினும் அழைக்கும். வெளியினின்று வரும் வீண்பொதிகளும் 300 விநாடிக் கணக்கை மீண்டும் மீண்டும் தொடங்குவிக்கும். உறங்கினோர் இதனை அறியார். கட்டணச் சீட்டு வந்தபின்னரே அறிவர். இதற்குப் பரிகாரம் இரண்டு. வினவிய பெயர்களை வாயிற்கணினியிலேயே சேமித்துவைத்தல் ஒன்று. 'ஆக்டிவ் ஃபில்டர்' என்னும் விதியால், எப்பொதி தேவை, எப்பொதி தேவையன்று என வரையறுத்தல் மற்றொன்று.

இன்று இம்முறை பெரிதும் அருகிற்று. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமும் 2025 செப்டம்பர் 30-இல் இச்சேவையை நிறுத்திவிட்டது. எனினும், ஒரு முகவரியின்பின் பல கணினிகள் நிற்கும் அப்பகிர்வு, இல்லங்களிற் காணும் வைஃபை கருவிகளுள் இன்றும் நிகழ்கின்றது. பலர்க்கும் பொதுவானதொன்றைப் பெற விரைதல் யாவர்க்கும் எளிது. தம் தேவை முடிந்தவுடன் பிறர்பொருட்டு அதனை விடுத்தலே அரிது. அவ்வரிய செயலை ஒரு சிறு நிரலுக்குக் கற்பிக்கும் யாம், அதனை எம் வாழ்விலுங் கற்போமாக.