இறாலும் காலிபிளவர்க் கூழும்

நம் மனையியல் வகுப்பில் ஆண்டுதோறும் பிற நாட்டு உணவு ஒன்றைச் சமைத்துப் பார்ப்பது வழக்கம். இவ்வாண்டு எங்கள் குழுவுக்குக் கிடைத்தது, அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை உணவாகிய 'ஷிரிம்ப் அண்ட் கிரிட்ஸ்'. அதை ஒரு முறை அவ்வூர் முறைப்படியும், மறுமுறை மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் காலிபிளவரை இட்டும் செய்தோம். இந்த இரண்டாம் முறையில் கற்றவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்லவே எழுதுகிறோம்.

கிரிட்ஸ் என்பது உலர்ந்த மக்காச்சோளத்தை ரவையாக உடைத்து, நீரிலோ பாலிலோ வேகவைத்த கூழ். அந்நாட்டின் பூர்வகுடிகளிடமிருந்து குடியேறியவர்கள் கற்றுக்கொண்டது. தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோர மக்கள், கழிகளில் பிடித்த சிறு இறாலை வெண்ணெயில் வதக்கி, அக்கூழின்மேல் இட்டுக் காலை உணவாக உண்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் கைப்பக்குவமும் இதில் உண்டு. 1980-களில் சாப்பல் ஹில் நகரில் இருந்த 'குரூக்ஸ் கார்னர்' உணவகத்தில் பில் நீல் என்ற சமையற்கலைஞர் இதில் சீஸும் காளானும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் சேர்த்துப் பரிமாறினார். 1985-இல் கிரெய்க் கிளெய்போர்ன் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அதைப் பற்றி எழுதினார். பிறகு மீனவர் வீட்டுக் காலை உணவு பெரிய உணவகங்களின் இரவு விருந்தாகிவிட்டது!

இனி பாடத்துக்கு வருவோம். மக்காச்சோள ரவை வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி வீங்குகிறது. கூழ் கெட்டியாவது அதனால்தான். அதே மாவுச்சத்து நம் குடலில் குளுக்கோஸாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. நால்வருக்கு 150 கிராம் உலர்ந்த ரவை வேண்டும். அதில் ஏறத்தாழ 120 கிராம் மாவுப்பொருள், அதாவது ஆளுக்கு 30 கிராம். காலிபிளவர் 600 கிராம் எடுத்தால் மொத்தமே 30 கிராம்தான். ஆளுக்கு 7 கிராமைச் சற்றே தாண்டும். அதிலும் ஒரு பகுதி நார்ச்சத்து. இறாலில் மாவுப்பொருள் இல்லையென்றே சொல்லலாம்.

மாவுச்சத்து குறைந்தால் கெட்டியாக்கும் பொருளும் போய்விடும் என்பதை நாங்கள் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை. காலிபிளவரை நிறையத் தண்ணீரில் வேகவைத்து மிக்ஸியில் அரைத்தோம். தட்டில் ஊற்றியதும் கூழ் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. அடுப்பில் எவ்வளவு நேரம் கிளறினாலும் சோளக்கூழ் போல இறுகவில்லை. இறுகச் செய்யும் பொருள்தான் அதில் இல்லையே!

அடுத்த முறை பூக்களை இட்லிப் பானையில் ஆவியில் 10 நிமிடம் வைத்தோம். ஆறியதும் மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தோம். ஒரு தம்ளர் அளவு நீர் வடிந்தது! பிழிந்ததை அரைக்காமல் ரவைப் பதத்துக்கு உதிர்த்து, அகன்ற வாணலியில் 30 கிராம் வெண்ணெயிட்டு, ஈரம் வற்றும்வரை கிளறினோம். பிறகு 60 கிராம் துருவிய செடார் சீஸும் மிளகுத்தூளும் சேர்த்தோம். சீஸில் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுக.

இறால் அரைக் கிலோ. ஓட்டையும் முதுகு நரம்பையும் நீக்கிக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். வெண்ணெயில் நசுக்கிய பூண்டை வதக்கி, இறாலை இட்டு மிளகாய்த்தூள் தூவி, இரண்டு மூன்று நிமிடங்களில் இறக்க வேண்டும். வெந்த இறால் சிவந்து அரைவட்டமாக வளையும். முழுவட்டமாகச் சுருண்டால் ரப்பர்தான். வாணலியில் தங்கிய சாற்றில் எலுமிச்சை பிழிந்து சுண்டவைத்துக் கூழின்மேல் ஊற்றி, வெங்காயத்தாள் தூவினோம். பன்றி இறைச்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் குறையொன்றும் தெரியவில்லை. குழம்பு கெட்டியாக மைதா சேர்ப்போர் உண்டு. காலிபிளவரால் குறைத்த மாவுச்சத்தை அது பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். எங்களுள் ஒருத்தியின் ஆச்சிக்கு நீரிழிவு உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை தினமும் சாப்பிடுகிறார்கள். ஆச்சிக்கு நல்லதென்று எண்ணி, ஓர் இரவு சோற்றுக்குப் பதிலாக இதையே கொடுத்தோம். "ஏட்டி, பூக்கோசைப் பிசைஞ்சு வச்சிட்டு கூழுன்னு சொல்லுதியளே!" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. அவள் தாயார் நிலைமையை உணர்ந்து உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் ஆச்சி தெளிந்தார்கள். நாங்கள் தெளிய மறுநாள் ஆயிற்று.

மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டார். மாத்திரையின் அளவு, ஒருவர் வழக்கமாக உண்ணும் உணவைக் கணக்கிட்டுத் தரப்படுவது. உணவில் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்து, மாத்திரையை அப்படியே விட்டால் இரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். இன்சுலின் போடுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எனவே நீரிழிவுள்ளவர் வீட்டில் இவ்வுணவைச் சமைக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மைப் போல் வளரும் வயதுப் பெண்கள் மெலிய வேண்டுமென்று சோற்றை அறவே விட்டு இதையே தின்னத் தேவையில்லை. மக்காச்சோளம் தீயதுமன்று. அதையே நம்பி வேறு நல்லுணவு இல்லாமல் வாழ்ந்த அத்தென்மாநிலத்து ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் வாட்டியது உண்மை. அதற்குக் காரணம் கிருமியன்று, உணவுக் குறைவே என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் ஆராய்ந்து காட்டினார். கூழோடு இறாலும் கிடைத்த வீட்டில் அந்த அச்சம் குறைவு.

ஆச்சிக்கு மருத்துவர் மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தபின், சென்ற மாதம் மறுபடியும் சமைத்தோம். ஆச்சி இறாலை முதலில் தின்று முடித்துவிட்டு, "கூழு மிச்சமிருக்கு, இன்னும் நாலு இறால் போடுங்கட்டி" என்றார்கள்.