நோட்பேடில் ஒரு டி.என்.ஏ. பாடம்

2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது ஆன்லைன் வகுப்பு என்ற சொல் புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு பழக்கமானது. பள்ளிகள் திறந்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 உயிரியல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். தளத்தில் பயோடெக்னாலஜி பாடங்கள் உள்ளன.

ஆனால் ஒரு சிக்கல். வீடியோவில் பார்ப்பது கண்ணோடு நின்றுவிடுகிறது. 'ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம் என்பது டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரிக்கோல்' என்று மாணவர் ஒப்பிப்பார். எங்கே வெட்டும், ஏன் அங்கே வெட்டும் என்று கேட்டால் விழிப்பார். செய்து பார்க்கலாம் என்றால், இந்த என்சைம்களை மைனஸ் 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் அதற்கு வசதி இருக்காது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தேவை இன்டர்நெட் இணைப்பும், விண்டோஸுடன் வரும் நோட்பேடும்தான். செலவு எதுவும் இல்லை.

பிளஸ் 2 என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் பி.பி.ஆர்.322 என்ற பிளாஸ்மிட் படம் இருக்கும். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறிய டி.என்.ஏ. வளையம். பி.பி.ஆர்.322, ஆராய்ச்சிக்கூடத்தில் 1977-ல் உருவாக்கப்பட்டது. இதன் நீளம் 4361 எழுத்துக்கள். அத்தனை எழுத்துக்களும் அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. தளத்தில் இருக்கின்றன.

இனி செய்முறைக்கு வருவோம்.

1. பிரவுசரில் என்.சி.பி.ஐ. தளத்தைத் திறக்கவும். தேடல் கட்டத்தின் பக்கத்தில் உள்ள பட்டியலில் 'நியூக்ளியோடைடு' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. கட்டத்தில் ஜே என்ற ஆங்கில எழுத்தையும், இடைவெளி விடாமல் 01749 என்ற எண்ணையும் டைப் செய்து என்டர் தட்டவும்.

3. வரும் பக்கத்தில் 'பாஸ்டா' என்ற லிங்க்கைக் கிளிக் செய்யவும். எழுத்து வரிசை முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யவும். பைலைச் சேவ் செய்துகொள்ளவும்.

4. கன்ட்ரோல், எஃப் கீகளைச் சேர்த்து அழுத்தவும். ஏ ஏ ஜி சி டி டி என்ற ஆறு எழுத்துக்களை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும். இது ஹிண்ட் 3 என்சைம் வெட்டும் இடம். முதல் வரியிலேயே கிடைத்துவிடும்.

5. அடுத்து ஈகோ ஆர் 1. இது தேடும் எழுத்துக்கள் ஜி ஏ ஏ டி டி சி. ஜி-க்கும் அடுத்த ஏ-க்கும் நடுவில் வெட்டும். இதைத் தேடுங்கள். இல்லை என்று நோட்பேட் சொல்லும்.

ஆனால் புத்தகப் படத்தில் ஈகோ ஆர் 1 வெட்டும் இடம் ஒன்று இருக்கிறதே! புத்தகம் தவறா, கம்ப்யூட்டர் தவறா?

இரண்டும் தவறில்லை. பைலின் கடைசி மூன்று எழுத்துக்களைப் பாருங்கள்: ஜி ஏ ஏ. முதல் மூன்று எழுத்துக்கள்: டி டி சி. பிளாஸ்மிட் ஒரு வளையம். அதை நேர்கோட்டில் எழுத, எங்கேயாவது ஓரிடத்தில் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரித்த இடம் சரியாக ஈகோ ஆர் 1-ன் நடுவில் அமைந்துவிட்டது. கடைசி வரியின் முடிவில் டி டி சி சேர்த்து மறுபடி தேடுங்கள். இப்போது கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. வரி முடிவில் ஆறெழுத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் நோட்பேட் அதைக் கண்டுபிடிக்காது. வேறு டி.என்.ஏ.க்களைத் தேடும்போது வரிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டுத் தேடுவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பயோடெக்னாலஜி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாவது படியில் விடையைச் சொல்லிவிடாமல், 'ஏன் கிடைக்கவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை யோசிக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் பாடம்.

அடுத்த பயிற்சி: பாம் எச் 1 தேடும் எழுத்துக்கள் ஜி ஜி ஏ டி சி சி. அந்த இடத்தில் புதிய ஜீனைச் செருகினால் பிளாஸ்மிட்டின் எந்த ஜீன் கெடும்? விடையைப் பிள்ளையே புத்தகப் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.