ஒரே படத்தில் முழு உருவம்: வணிகர் அறிய வேண்டியவை

மொத்த வியாபாரி ஒருவர் ஜாடியின் படத்தை அனுப்பி, "இதே போல் 500 உருப்படி இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்கிறார். படத்தில் தெரிவது முன்பக்கம் மட்டுமே. பின்பக்கம் எப்படி இருக்கும், எத்தனை கிலோ பிடிக்கும் என்பதை நம் மனமே ஊகித்துக் கொள்கிறது. இந்த ஊகத்தைக் கணிப்பொறி செய்யுமா? செய்யும். ஆனால் மனிதர் கைகொடுக்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டில் சீனாவின் சிங்ஹுவா, இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வுக் குழு 'த்ரீ ஸ்வீப்' என்ற முறையை வெளியிட்டது. பெயருக்கேற்ப மூன்றே இழுப்புதான்.

1. படத்திலுள்ள ஜாடியின் வாய்க்குக் குறுக்கே மவுஸால் ஒரு கோடு.

2. அதற்குக் குறுக்காக இன்னொரு கோடு. வாயின் வட்டம் கிடைத்துவிடும்.

3. அந்த வட்டத்தை அடிவரை இழுக்க வேண்டும். இழுக்கும்போதே இருபக்க விளிம்புகளையும் கணிப்பொறி பிடித்துக்கொண்டு, கழுத்தில் ஒடுக்கி, வயிற்றில் விரித்து உருவம் அமைக்கும்.

கைப்பிடி, மூக்கு முதலியவற்றையும் இப்படியே தனித்தனியாக இழுத்துச் சேர்க்கலாம். எது வாய், எது கைப்பிடி என்று கண்டறிவது மனிதர் வேலை. நுணுக்கமாகப் பொருத்துவது கணிப்பொறி வேலை. பிறகு அந்த உருவத்தைத் திருப்பலாம். பெரிதாக்கிப் படத்திலேயே வைக்கலாம். ஆகவே படத்தில் இருப்பதெல்லாம் அசல் என்று எண்ணிவிடக் கூடாது.

இம்முறைக்கு இரு எல்லைகள் உண்டு. ஒன்று, காணாத பின்பக்கத்துக்கு முன்பக்கத்தின் சாயலையே போர்த்துகிறது. பின்னால் விரிசல் இருந்தாலும் தெரியாது. இரண்டு, படத்தில் விகிதம் உண்டு, அளவு இல்லை. அருகில் வைத்த சிறிய ஜாடியும் தள்ளி வைத்த பெரிய ஜாடியும் ஒன்றுபோலவே தோன்றலாம்.

இங்கேதான் நம் பணம் இருக்கிறது. நாம் நினைத்ததைவிட ஜாடியின் உள்ளளவு எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கொள்ளளவு 0.9 × 0.9 × 0.9 = 0.729 ஆகிவிடும். 10 கிலோ பிடிக்கும் என்று வாங்கிய ஜாடியில் 7 கிலோ 290 கிராம்தான் கொள்ளும். பத்து சதவீதக் குறைவு என்று கண் சொல்லும். 27 சதவீதத்துக்கு மேல் குறைவு என்று தராசு சொல்லும்.

எனவே, படம் பார்த்துக் கொள்முதல் செய்வோர் நான்கைக் கேட்டுப் பெறுங்கள்: ஜாடியை ஒட்டி ஸ்கேல் நிறுத்தி எடுத்த படம், பின்பக்கப் படம், கொள்ளளவு எழுத்தில், ஒரு சாம்பிள். சாம்பிளில் சரக்கை நிரப்பி எடை போட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.