புகை நாளில் வெளியே போகலாமா? கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு செய்வது எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டிற்குப் போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வருவது இப்போது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் கோடைக்காலத்தில்தான் போகிறார்கள். பேரன், பேத்திகளுக்கு விடுமுறை. குளிரும் இருக்காது. ஆனால் கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் போன்ற மேற்கு மாநிலங்களில் அதே மாதங்கள்தான் காட்டுத் தீயின் காலமும். தீ எங்கோ 200 கிலோமீட்டர் தள்ளி எரியும். புகை நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

சான் ஹோசேயில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். வயது 67. ஆஸ்துமா உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் நடப்பவர். மாலையில் பேரனைப் பார்க்குக்கு அழைத்துப் போவதும் அவர்தான். மகள் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கித் தந்திருக்கிறார். “ஒரு நாள் வானம் மஞ்சளாக இருக்கிறது, இன்னொரு நாள் நீலமாக இருக்கிறது. எந்த நாளில் வெளியே போகலாம் என்று இந்த லேப்டாப்பில் பார்க்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

முடியும். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வானத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் பகலிலேயே வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மதியம் தெருவிளக்குகள் எரிந்தன. எல்லோரும் பயந்து போனார்கள். ஆனால் அன்று புகையின் பெரும்பகுதி மேலேதான் இருந்தது. கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றும் மூடுபனியும் தரையை ஒட்டி ஒரு போர்வை போல் கிடந்து, புகையைக் கீழே இறங்க விடவில்லை. மக்கள் சுவாசித்த காற்று அன்று அந்த வானம் காட்டிய அளவுக்கு மோசமில்லை. அடுத்த நாட்களில் ஆரஞ்சு நிறம் போய் வானம் வெளுத்தது. அப்போதுதான் புகை கீழே இறங்கி, காற்று நிஜமாகவே கெட்டது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி நியூயார்க்கிலும் இதே ஆரஞ்சு வானம். அது கனடாவின் கியூபெக் காடுகளில் எரிந்த தீயின் புகை. ஆனால் அங்கே புகை தரையிலேயே இருந்தது. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியது. ஒரே நிறம், இரண்டு விதமான காற்று. கண் ஏமாற்றுகிறது. எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

வரைபடத்தைத் திறப்போம்

உங்கள் கம்ப்யூட்டரில் குரோம், எட்ஜ் என எந்த பிரவுசர் இருந்தாலும் சரி, திறந்துகொள்ளுங்கள். மேலே உள்ள அட்ரஸ் பாரில் ஃபயர் டாட் ஏர்நவ் டாட் கவ் என்று ஆங்கில எழுத்துகளில் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ‘டாட்’ என்பது புள்ளி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏர்நவ் என்பது அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை நடத்தும் தளம். தீயையும் புகையையும் சேர்த்துக் காட்டும் இந்த வரைபடம் 2020-இல் வந்தது. கட்டணம் கிடையாது. பெயர், இ-மெயில் எதுவும் தர வேண்டியதில்லை.

திறந்தவுடன் உங்கள் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்டு பிரவுசர் ஒரு சிறு பெட்டியைக் காட்டலாம். அனுமதி கொடுத்தால் தவறில்லை. ஆனால் செல்போனைப் போல் கம்ப்யூட்டரில் ஜி.பி.எஸ். பெரும்பாலும் இருக்காது. அது இன்டர்நெட் இணைப்பை வைத்து ஊகிக்கும். சில சமயம் பக்கத்து ஊரைக் காட்டிவிடும். அதனால் தேடும் பெட்டியில் நீங்களே ஊர்ப் பெயரையோ, ஐந்து இலக்க ஜிப் கோடையோ டைப் செய்வது நல்லது. மகள் வீட்டு முகவரியின் கடைசியில் அந்த எண் இருக்கும்.

இப்போது திரை முழுக்க வண்ண வண்ணப் புள்ளிகள் தெரியும். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும். வட்டமாக இருப்பவை அரசின் நிரந்தரக் கருவிகள். முக்கோணம் என்றால் தீக்காக அங்கே தற்காலிகமாகக் கொண்டுவந்து வைத்தவை. சதுரங்கள் மக்கள் தங்கள் வீடுகளில் மாட்டியிருக்கும் விலை குறைந்த சென்சார்கள். சதுரங்களை அலட்சியம் செய்யாதீர்கள். அரசுக் கருவி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், சதுரம் உங்கள் தெருவிலேயே இருக்கும். இந்தச் சென்சார்கள் புகையைக் கூடுதலாகக் காட்டும் குணம் உடையவை. அதைத் திருத்தித்தான் இந்த வரைபடத்தில் போடுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு சதுரத்தை நம்ப வேண்டாம். சுற்றிலும் பச்சையாக இருந்து ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தால், அந்த வீட்டுத் தோட்டத்தில் யாரோ கறி சுட்டுக்கொண்டிருக்கலாம்!

வரைபடத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மேகம் போல் பரவியிருப்பதைப் பார்த்துப் பலரும் பயந்துவிடுகிறார்கள். அது செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த புகை. ஆகாயத்தில் எங்கோ புகை இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். அது உயரத்தில் இருக்கிறதா, உங்கள் மூக்குக்கு நேராக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. புள்ளிகளின் நிறம்தான் தரைக்காற்று.

எண்ணைப் படிப்பது

உங்களுக்கு அருகில் உள்ள ஒரு புள்ளியைக் கிளிக் செய்யுங்கள். ஒரு எண்ணும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் வரும். இந்த எண் பி.எம். 2.5 என்ற நுண்துகளைக் கொண்டு கணக்கிடப்படுவது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இந்தத் துகள். அதனால்தான் மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடுகிறது.

50 வரை பச்சை. 51 முதல் 100 வரை மஞ்சள். 101 முதல் 150 வரை ஆரஞ்சு. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் கவனமாக இருக்க வேண்டிய அளவு. 151-இல் சிவப்பு தொடங்குகிறது. இது எல்லோருக்கும் கெடுதல். 201-க்கு மேல் ஊதா, 301-க்கு மேல் கருஞ்சிவப்பு.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். சென்னையிலோ டெல்லியிலோ காற்றின் தரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 100 என்றால் ‘திருப்திகரம்’, 180 என்றால் ‘மிதமானது’. ஆனால் இந்தியக் கணக்கு வேறு, அமெரிக்கக் கணக்கு வேறு. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில் அது 100, திருப்திகரம். அமெரிக்கக் கணக்கில் அதே காற்று 154, சிவப்பு. காற்று மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. அமெரிக்காவும் 2024 மே மாதத்தில் தன் அளவுகோலை இன்னும் கடுமையாக்கியது. அதனால் “எங்கள் ஊரில் 150-லேயே நடந்திருக்கிறேன்” என்று தைரியம் சொல்லாதீர்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். அங்கே 1 முதல் 10 வரைதான் எண். 7 வந்தாலே அபாயம் அதிகம் என்று பொருள். யாராவது போனில் எண்ணைச் சொன்னால், எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்த நேரத்து எண்? இந்தியக் குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டது. புகை அப்படி மெதுவாக வருவதில்லை. காற்றின் திசை மாறினால் ஒரு மணி நேரத்தில் பச்சை சிவப்பாகிவிடும். ஏர்நவ் கடந்த 12 மணி நேர அளவுகளை எடுத்துக்கொண்டாலும், காற்று வேகமாக மாறும்போது கடைசி சில மணி நேரங்களுக்கு அதிக முக்கியத்துவம் தருகிறது. வெளியே போகலாமா என்ற கேள்விக்கு நாள் சராசரி உதவாது, இந்த எண்தான் உதவும்.

அந்த எண்ணும் புதிதாக இருக்க வேண்டுமே! நான் ஒரு முறை இரவில் திறந்துவைத்த பக்கத்தை மூடாமல் தூங்கிவிட்டு, காலையில் அதே பக்கத்தைப் பார்த்துப் பச்சை என்று கிளம்பினேன். தெருமுனையில் கண் எரிந்த பிறகுதான் அது முந்தைய இரவின் பச்சை என்று புரிந்தது. திறந்திருக்கும் பக்கம் தானாகவே புதிய எண்ணைக் காட்டும் என்று நம்பி இருக்காதீர்கள். கீபோர்டின் மேல் வரிசையில் உள்ள எஃப்5 விசையை ஒரு முறை தட்டுங்கள். பக்கம் புதிதாக இறங்கும். சில லேப்டாப்களில் எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். தினமும் முகவரியை டைப் செய்யாமல் இருக்க, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு டி எழுத்தைத் தட்டினால் பக்கம் புக்மார்க் ஆகிவிடும்.

சரி, போகலாமா?

எண் ஒன்றுதான். ஆனால் போகிறவர் யார், எவ்வளவு நேரம், என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். காரில் போய்ப் பால் வாங்கி வருவது பத்து நிமிட வேலை. ஒரு மணி நேர வேக நடை அப்படியல்ல. மூச்சு வாங்க வாங்க, உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போகிறது. பார்க்கில் ஓடியாடும் குழந்தைக்கும் இதே கதைதான். அதன் எடைக்கு அது இழுக்கும் காற்று பெரியவர்களைவிட அதிகம்.

நம் வாசகருக்கு என் யோசனை இதுதான். எண் 100-க்குள் இருந்தால் நடக்கலாம். மஞ்சளில் இருக்கும்போது மூச்சு இரைக்கிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள், இன்ஹேலர் பையில் இருக்கட்டும். 100-ஐத் தாண்டினால் அன்று அந்த ஒரு மணி நேர நடை வேண்டாம். வேலை இருந்தால் போய்விட்டு உடனே திரும்புங்கள். 150-ஐத் தாண்டினால் பேரனின் பார்க்கும் வேண்டாம். 200-க்கு மேல் போனால் தவிர்க்க முடியாத காரியம் தவிர வெளியே போகவே வேண்டாம். இது பொதுவான யோசனை. உங்கள் டாக்டர் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் சரி.

காலை ஆறு மணிதான் சுத்தமான காற்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புகை நாட்களில், அதுவும் மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு ஊர்களில், பல சமயம் அது தலைகீழ். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே எழாமல் தங்கிவிடும். புகையும் அதிலேயே அடைபட்டுக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு காற்று எழும்பும்போது புகை கலைந்து எண் இறங்கலாம். எல்லா நாளும் இப்படி நடக்காது. அதனால் புள்ளியைக் கிளிக் செய்து, எண் இறங்குமுகமா என்று பார்த்து, நடையை மாலைக்குத் தள்ளிப் போடலாம்.

போயே ஆக வேண்டும் என்றால் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கைக்குட்டை, துணி மாஸ்க் எல்லாம் இந்தத் துகளைத் தடுக்காது. மூக்கின் மேல் உள்ள கம்பியை நன்றாக அழுத்திவிட வேண்டும். தாடி இருந்தால் பக்கவாட்டில் காற்று புகுந்துவிடும். சிறு குழந்தைகளுக்கு இந்த மாஸ்க் சரியாகப் பொருந்தாது; மாஸ்க் இருக்கிறதே என்று பேரனை அழைத்துப் போகாதீர்கள். காரில் ஏ.சி.யை உள்காற்றே சுழலும் நிலையில் வையுங்கள்.

வீட்டிலேயே இருப்பதென்றால் ஜன்னல்களை மூடுங்கள். அன்று ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். அப்பளம் பொரிப்பது, மிளகாய் தாளிப்பது கூட அடைத்த வீட்டில் அதே நுண்துகளைத்தான் கிளப்பும். சாமி ஒரு நாள் பொறுத்துக்கொள்வார். ஏ.சி. இல்லாத வீடு கொதிக்கிறது என்றால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. அருகிலுள்ள பொது நூலகத்துக்கோ மாலுக்கோ காரில் போய்விடுவது மேல். நெஞ்சு வலித்தாலோ, இன்ஹேலருக்கும் மூச்சு அடங்காவிட்டாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 911-க்குப் போன் செய்யுங்கள்.

இந்த எண் சொல்லாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. சில இடங்களில் வரைபடத்தில் நல்ல நிறம் இருந்தபோதும் சாம்பல் பறந்துகொண்டிருந்தது. சாம்பல் துகள் பெரியது, பி.எம். 2.5 கருவிகளின் கணக்கில் அது வராது. வீடுகள் எரிந்த சாம்பலில் பெயின்ட், பிளாஸ்டிக், பழைய கட்டடங்களின் ஈயம், அஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்திருக்கலாம். அதனால் கார் கண்ணாடியிலோ பால்கனியிலோ சாம்பல் படிந்திருந்தால், திரையில் பச்சையே தெரிந்தாலும் அன்று குழந்தையை வெளியே விளையாட விடாதீர்கள். விளக்குமாற்றால் பெருக்கிப் பறக்கவிடாமல், தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அப்போதும் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.