டீசல் பழகிய கைக்குப் பெற்றோல் பிக்அப்

இடம்பெயர்ந்தபோது லான்ட் மாஸ்டரையும் டீசல் லொறியையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் பல. மீண்டும் தோட்டம் செய்யத் தொடங்கியதும் வெங்காயத்தையும் மிளகாயையும் சந்தைக்கு ஏற்ற ஒரு வாகனம் வேண்டியிருக்கின்றது. டீசல் பிக்அப்பின் விலை கைக்கு எட்டுவதில்லை. அதே வயதுடைய, நெடுந்தூரம் ஓடிய பெற்றோல் பிக்அப் மலிவாகக் கிடைக்கின்றது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து நகைகளை ஈடுவைத்து வாங்கிவிடுகின்றார்கள். டீசலிற் கற்ற பாடத்தைக் கொண்டு பெற்றோல் எஞ்சினை அளந்தால், அந்த நகை மீளாமலே போகலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை நெருக்கும்போது உண்டாகும் சூட்டினாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கின்றது. ஆகவே பிஸ்டன் றிங் தேய்ந்தால் காலையில் ஸ்ராட் எடுக்காமல் அதுவே உண்மையைச் சொல்லிவிடும். பெற்றோல் எஞ்சின் அப்படியல்ல. பிளக் பொறி கொடுப்பதால் தேய்ந்த எஞ்சினும் ஒரே திருப்பில் உயிர்பெறும். “ஒரு அடியில் ஸ்ராட் எடுத்தது, நல்ல எஞ்சின்” என்று டீசல்காரர் மகிழ்ந்துபோவது இங்கேதான். எனவே கராஜ் ஒன்றில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, கொம்பிறசன் அளந்து பாருங்கள். பெற்றோல் எஞ்சினுக்கு 150 இறாத்தல் அளவில் இருந்தால் நல்லது. டீசலில் 400 பார்த்தவர்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழச் சமமாக இருப்பதே முக்கியம். கழற்றிய பிளக் மண்ணிறமாக இருந்தால் நல்லது. கறுத்து ஒயில் பிசுபிசுத்தால் யோசியுங்கள். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கின்றது என்று அர்த்தம்.

ஒயில் கம்பியை இழுத்து மணந்தும் பாருங்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கே எரிபொருள் தடைப்பட்டபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அது எங்களவரின் கெட்டித்தனம். ஆனால் பெற்றோல் எஞ்சின் எதையும் குடிக்கும் என்ற தவறான நம்பிக்கையும் அதனோடு தங்கிவிட்டது. அந்தக் கார்கள் நெருக்கம் குறைந்தவை. பின்வந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் தட்டும்; எரியாத மிச்சம் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலில் மண்ணெண்ணெய் மணத்தால் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள்.

செலவுக் கணக்கையும் முன்னரே போடுங்கள். ஒரு லீற்றருக்கு டீசல் பிக்அப் 10 கிலோமீற்றரும், பெற்றோல் பிக்அப் 8 கிலோமீற்றரும் ஓடுவதாக வைப்போம். 2021 யூனில் டீசல் 111 ரூபா, 92 ஒக்ரேன் பெற்றோல் 157 ரூபா. 100 கிலோமீற்றருக்கு டீசலில் 1,110 ரூபா, பெற்றோலில் 1,963 ரூபா; ஒன்றேமுக்கால் மடங்கு. 2022 யூன் இறுதியில் டீசல் 460, பெற்றோல் 470. அப்போது 4,600க்கு 5,875. ஒன்றேகால் மடங்கிற்குச் சற்று மேல். விலை வித்தியாசம் மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் நாளின் விலையை வைத்து, மாதம் எத்தனை சந்தைக்குப் போவீர்கள் என்று பார்த்து நீங்களே கணக்கிடுங்கள்.

ஓட்டும் கையும் மாறவேண்டும். டீசல் மெதுவாகச் சுழலும்போதே இழுக்கும். பெற்றோல் எஞ்சினைப் பாரத்தோடு உயர் கியரில் இழுக்கவிட்டால் கணகணவென்று தட்டும். தட்டத் தட்டப் பிஸ்டன் கெடும். கியரைக் குறையுங்கள், சத்தம் கூடினாலும் பரவாயில்லை. றேடியேற்றர் தண்ணீரைத் தினமும் பாருங்கள். ஒருமுறை கொதிக்கவிட்டாலே ஹெட் வளைந்துவிடக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கொட்டிலின் மூலையில் இருக்கும் கான். டீசலைச் சாதாரண வெயிலில் திறந்து வைத்தாலும் இலகுவிற் பற்றாது. அந்தப் பழக்கத்தில் விளக்கு எரியும் வீட்டுக்குள் பெற்றோலையும் வைக்கின்றார்கள். பெற்றோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு தவழ்ந்து, தூரத்திலுள்ள குப்பிவிளக்கைத் தேடிப்போகும். கிடுகுக் கொட்டிலில் பிறகு தண்ணீர் எடுக்கவும் நேரமிராது. வாயால் உறிஞ்சி எடுப்பதும், பெற்றோலில் பாகங்களைக் கழுவுவதும் வேண்டாம். லான்ட் மாஸ்டருக்கு டீசல், தண்ணீர்ப் பம்புக்கு மண்ணெண்ணெய், பிக்அப்புக்குப் பெற்றோல் என்று வைத்திருப்பவர்கள் மூன்று கான்களுக்கும் மூன்று நிறம் பூசி, வெளியே நிழலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

பணம் கொடுக்குமுன் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருள் வகையையும் வாகனத்தோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டு, புத்தகம் மாற்றப்படாதிருந்தால், அதைத் திருத்தித் தரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம்.