சிறைக் காவலரின் கடமை

பெங்களூருவின் சேஷாத்திரி சாலையில் ‘ஃப்ரீடம் பார்க்’ என்னும் பூங்கா உள்ளது. அவ்விடம் முன்பு மத்தியச் சிறையாக இருந்தது. 1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது வாஜ்பாய், அத்வானி ஆகிய தலைவர்கள் அங்குச் சிறை வைக்கப்பட்டனர். பிற்காலத்தில் சிறை பரப்பன அக்ரகாரத்திற்கு மாற்றப்பட்டது. 2008இல் பழைய சிறை வளாகம் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆயினும், கைதிகளைக் கண்காணிக்க எழுப்பிய கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது.

கண்காணிப்பது மட்டுமே சிறைக் காவலரின் கடமை அன்று. காலையும் மாலையும் கைதிகளை எண்ணிச் சரிபார்த்தல், பூசல்களைத் தடுத்தல், தடை செய்யப்பட்ட பொருள்கள் உள்ளே வாராமல் காத்தல் ஆகியன அவர்தம் அன்றாடப் பணிகள். நோயுற்றவரை மருத்துவரிடம் அனுப்புவதும், உறவினர் கைதியைச் சந்திக்க வகைசெய்வதும் அவர் பொறுப்பே. பெண் கைதிகளைப் பெண் காவலரே மேற்பார்வையிடுவர்.

தண்டனை விதிப்பது நீதிமன்றம், காவலர் அல்லர். இந்தியச் சிறைகளில் உள்ளோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்கள் மீதான குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. நாளை குற்றமற்றவர் என விடுதலை பெறுவோரும் அவர்களுள் இருக்கலாம். அத்தகையவரைக் காவலர் துன்புறுத்தினால், நீதிமன்றம் விதிக்காத தண்டனையை அவரே விதித்தவர் ஆவார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரும் மனிதரே. சிறை புகுந்ததனால் ஒருவர் தம் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்று 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற 122 விதிகள் அவர் பெயரால் வழங்குகின்றன. அவர் பிறந்த சூலை 18ஆம் நாளில், சிறைப் பணியாளரின் தொண்டையும் போற்ற வேண்டும் என அவ்வவை வேண்டியது. இன்று கைதியாக இருப்பவர் நாளை ஊர் திரும்புவார். அவர் சினத்தோடு திரும்புவதும் திருந்தித் திரும்புவதும் காவலரின் நடத்தையையும் பொறுத்தன.

சொற்பொருள்
பூசல் – சண்டை
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்
சினம் – கோபம்

பயிற்சி
1. சிறைக் காவலரின் அன்றாடப் பணிகள் யாவை?
2. விசாரணைக் கைதி என்பவர் யார்?
3. ‘தண்டிப்பது காவலரின் வேலை அன்று.’ – இக்கூற்றை ஐந்து வரிகளில் விளக்குக.