வனிலா மணமும் நெல் தவிடும்

ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் நாம் நுகரும் வனிலா மணத்தின் மிகப் பெரும் பகுதி வனிலாக் கொடியிலிருந்து வந்ததன்று. அம்மணத்திற்கு முதற்காரணமான வனிலின் என்னும் பொருளை 1858-இல் பிரெஞ்சு வேதியியலார் கோப்லே பிரித்தெடுத்தார். 1874-இல் ஜெர்மானியர்களான டீமன், ஹார்மன் இருவரும் அதைச் செயற்கையாக உருவாக்கினர். இன்று உலகச் சந்தைக்கு வரும் வனிலினில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் காய்களிலிருந்து கிடைப்பதில்லை. பெட்ரோலியத்தை மூலமாகக் கொண்ட குவையகாலிலிருந்தே பெரும்பகுதி தயாராகிறது.

இதன் காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். பதப்படுத்திய வனிலாக் காயில் வனிலின் ஏறத்தாழ 2 சதவிகிதமே. ஒரு கிலோ பதப்படுத்திய காய்க்கு ஐந்து, ஆறு கிலோ பச்சைக்காய் வேண்டும். எனவே ஒரு கிலோ வனிலினுக்கு ஏறக்குறைய 300 கிலோ பச்சைக்காய் தேவை. கொடியின் தாயகமான மெக்சிகோவிற்கு வெளியே ஒவ்வொரு பூவையும் அது மலரும் நாளிலேயே கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டியுள்ளது. ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் 1841-இல் கண்ட முறையே இன்றும் கையாளப்படுகிறது.

இந்தக் கொடியின் ஏற்ற இறக்கத்தை நம் நாட்டு விவசாயிகள் நன்கு அறிவர். 2000-ஆம் ஆண்டுப் புயல் மடகாஸ்கரின் தோட்டங்களை அழித்தபின் உலக விலை உயர்ந்தது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பச்சைக்காய் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றது. பலர் வேறு பயிர்களுக்கிடையே கொடியை நட்டனர். 2004-க்குப் பின் வரத்து பெருகியது. விலையேற்றத்தால் செயற்கை வனிலினுக்கு மாறியிருந்த ஆலைகள் திரும்பவில்லை. விலை சரிந்தது, கொடிகள் கவனிப்பாரற்றுப் போயின.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே நொதித்தல். நெல், சோளம், கோதுமை ஆகியவற்றின் தவிட்டில் ஃபெருலிக் அமிலம் உள்ளது. அமைப்பில் இது வனிலினுக்கு மிக நெருங்கிய பொருள். அமைக்கோலடாப்சிஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனப் பாக்டீரியாக்கள் தம் நொதிகளால் இதை வனிலினாக மாற்றுகின்றன. இதில் ஓர் இடர் உண்டு. வனிலின் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. ஆகவே அவை அதை விரைவில் வேறு பொருளாக்கிவிடுகின்றன. அவ்வாறு மாற்றும் நொதியை நீக்கிய வகைகளைப் பயன்படுத்துவதும், உண்டாகும் வனிலினைப் பிசின் மணிகளில் உடனுக்குடன் ஈர்த்தெடுப்பதும் இதற்குத் தீர்வுகள். லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் விளைவு கிட்டியுள்ளது. சர்க்கரையிலிருந்தே வனிலின் தரும் ஈஸ்ட்டை 2009-இல் ஆய்வாளர் அறிவித்தனர். நஞ்சைத் தணிக்க, வனிலினுடன் சர்க்கரையைப் பிணைத்து வைக்க அதற்குக் கற்பித்தனர். வனிலாக் காயும் அவ்வாறே சேமிக்கிறது என்பது சுவையான ஒற்றுமை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகள் நுண்ணுயிர் வழிப் பெற்ற மணப்பொருளையும் 'இயற்கை' என ஏற்கின்றன. ஆயினும் வனிலாவின் பெயரால் விற்க, மணம் வனிலாவிலிருந்தே வர வேண்டும். இவ்வேறுபாடு விவசாயிக்கு உயிர்நாடி போன்றது. கொடியின் காயில் பல நூறு மணப்பொருள்கள் கலந்துள்ளன. தொட்டியில் கிடைப்பது ஒன்றே. தொட்டி போட்டியிட வேண்டியது பெட்ரோலியத்துடனேயன்றிக் கொடியுடனன்று. லேபிள் மயங்கினால் நட்டம் கொடியை வளர்ப்பவருக்கே. வனிலினின் கரிம ஐசோடோப்பு விகிதத்தை அளந்து அதன் மூலத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடங்களால் இயலும். ஆனால் அச்சோதனைச் செலவு சிறு விவசாயியின் எல்லைக்குள் இல்லை.

தவிட்டெண்ணெய் உற்பத்தியில் முன்னணியில் உள்ள இந்தியாவிற்கு இது தனி வாய்ப்பு. எண்ணெயில் உள்ள ஒரைசனால், ஃபெருலிக் அமிலத்தைத் தன்னுள் கொண்டது. காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது சோப்புக் கழிவோடு ஒதுங்குகிறது. மலிவாகக் கழிக்கப்படும் இப்பொருளிலிருந்து பெறும் வனிலின், பெட்ரோலிய வனிலினைவிடப் பல மடங்கு விலை பெறும். அவ்விலையில் நெல் உற்பத்தியாளரின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. அரைத்த சில மணி நேரத்தில் தவிட்டின் எண்ணெய் கெடத் தொடங்குகிறது. பழைய சிற்றாலைகளில் தவிடு உமியோடு கலந்தே வெளிவருகிறது. தவிட்டைப் பிரித்து உடனே வெப்பத்தால் நிலைப்படுத்தும் கருவி இல்லாத ஆலை, தவிட்டை மாட்டுத் தீவன விலைக்கே விற்க நேரும்.